நீலச் சணல்

சுவர் வளையத்தில் நேராகக் கட்டாதே என்றாள் ஓடில்.
வளையத்தில் முதலில் ஒரு துண்டுச் சணல்,
வைக்கோல் கட்டிலிருந்து வெட்டிய நீலச் சணல்.
அந்தச் சணலில்தான் கயிறு.
மிரண்டு இழுத்தால் அது அறவேண்டும்.
அறாவிட்டால் சுவர் போகும், அல்லது கழுத்துப் போகும்,
அல்லது நடுவில் நிற்கிற நீ.

சொல்லிக்கொண்டிருந்த கையில் மோதிரவிரல்
பாதியோடு நின்றது.
நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:
கயிற்றைக் கையில் சுற்றியிருந்தேன்,
எங்கோ ஒரு டிராக்டர் இருமியது.
விரல் போயிற்று.
மோதிரத்தில் ஒரு கீறலும் இல்லை.

பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.

ஒன்பது பவுண்.
சட்டைக்குள்தானே கிடக்கிறது என்றேன்.
குனி என்றாள்.
குனிந்தேன். வெளியே வந்து ஆடியது.

கிழமை நாட்களில் நான் கடிகாரத் தொழிற்சாலையில்
எள்ளிலும் சிறிய திருகாணிகளை இடுக்கியால் எடுப்பவள்.
பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும்.
சனி காலையில் மட்டும்
லு நுவார்மோனுக்கு மேலே இந்தக் கொட்டிலில்
அறுநூறு கிலோ என் தோளில் மூச்சு விடுகிறது.

கொடியின் திருகாணி
பதினொரு வருடம் யாரும் தொடாதது.
ஆனாலும் திருகாணி எனக்குத் தெரிந்த வேலை.
குளம்புக் கொக்கி தொங்கும் ஆணியில்
கொடியையும் மாட்டினேன்.
எங்கள் பேச்சில் அது அறுவதில்லை,
பெருகும்.
இதை எந்தப் பிரெஞ்சில் சொல்வது?

லிஸெட்டை நெருங்குமுன் குரல் கொடுக்கவேண்டும்.
என்ன சொன்னாலும் சரி என்றாள் ஓடில்,
எனவே மின்சாரக் கட்டணம் பற்றிக் கதைத்தேன்.
ஒரு காது என் பக்கம் திரும்பியது.
ரப்பர் சீப்பை வட்டமாக, கழுத்திலிருந்து வயிறு வரை.
பனிக்கால மயிர் கும்பல் கும்பலாக உதிர்ந்து
என் வாய்க்குள்ளும் போனது.
எலும்பு தெரியும் இடங்களில் சீப்பு வேண்டாம்,
மெல்லிய தூரிகை போதும்.
பின்னால் போகும்போது
கையை முதுகிலிருந்து எடுக்காமல் ஒட்டியே போ,
இல்லையென்றால் நாலு மீட்டர் தள்ளிப் போ.
உதை விழுவது இடைத் தூரத்தில்.
(இது குதிரைக்கு மட்டும் என்று ஓடில் சொல்லவில்லை.)

காலைத் தூக்கும்போது மண்டியிடாதே, குந்து.
எழுந்து ஓட உனக்குக் கால் வேண்டும்.
குதியிலிருந்து நுனிக்குச் சுரண்டு.
உள்ளே மெத்தென்ற முக்கோணம்,
அதை மட்டும் விட்டுவிடு, அது உயிர்.

மூன்றாவது குளம்பில் இருந்தேன்.
தகரக் கூரையில் தங்கியிருந்த பங்குனிப் பனி முழுவதும்
ஒரே மூச்சில் வழுக்கி விழுந்தது.

காலைப் போட்டேன். தோளோடு தோளாகப் பக்கவாட்டில் போனேன்.
யோசிக்க நேரமில்லை, உடம்பு போயிற்று.
தலையை உயர்த்தி, கண்ணில் வெள்ளை தெரிய,
அவள் பின்னுக்கு இழுத்தாள்,
ஒரு சின்ன ஓசை,
சணல்
பெருகிற்று.

மூன்றடி தள்ளி நின்றாள் லிஸெட்.
கயிறு தொங்கியது, கழுத்து இருந்தது, சுவர் இருந்தது.
என் பத்து விரல்களையும் ஒருமுறை எண்ணினேன்.
அவள் சற்று நேரம் நடுங்கினாள்,
பிறகு வெட்கப்பட்டவள்போலக் கீழே கிடந்த வைக்கோலை
ஒவ்வொரு தாளாகத் தின்னத் தொடங்கினாள்.
அடுத்த அறையிலிருந்து ஓடில்:
சணல் சாக்குக்குள் இருக்கிறது.

சிவப்பு ரயில் புறப்பட்ட பிறகுதான்
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

தொலைபேசியில் சிரித்தாள்.
ஆணியில்தான் இருக்கிறது, அடுத்த சனி எடுத்துக்கொள்.

ஞாயிறு, திங்கள்.
சோறு, திருகாணி, சோறு.
குனிந்தால் ஒன்றும் ஆடவில்லை.

குகதாசன் கண்டுகொண்டது வியாழக்கிழமை.
எங்கே என்றான்.
குளம்புக் கொக்கிக்குப் பக்கத்தில் என்றேன்.